பத்தாயிரத்து இருநூற்று நாற்பது டிகிரி

எங்கள் அண்ணி தன் தப்பை ஒப்புக்கொள்வது குதிரைக் கொம்பு. பால் பொங்கி வழிந்தால் அடுப்பு சரியில்லை, பஸ் போய்விட்டால் டிரைவருக்கு அவசரம். அண்ணனும் நானும் வாதாடுவதை விட்டு வெகுநாளாகிறது.

அண்ணி மோட்டார்களுக்கான சென்சார் கருவி செய்கிறவர். தீப்பெட்டி அளவுதான் இருக்கும். மோட்டாரின் முதுகில் ஒட்டிக்கொண்டு, அதன் சூட்டையும் அதிர்வையும் பார்த்து, இது எப்போது படுத்துவிடும் என்று தானே கணக்குப் போட்டுச் சொல்லும். பட்டறையில் நாங்கள் ஐந்து பேர். மூளை அண்ணி, ஒயர்களைப் பற்றவைப்பது நான்.

இத்தனை நாள் எங்கள் சென்சார், அது அனுப்பும் எண்ணைப் படித்துத் திரையில் காட்டும் எங்கள் பெட்டியோடு மட்டும்தான் பேசியது. இனி எல்லாக் கம்பெனிப் பெட்டியோடும் பேச வேண்டும், அதற்கான பொது விதிப்படி தேறாததை வாங்க மாட்டோம் என்று தொழிற்சாலைகள் சொல்லிவிட்டன. சோதனை ஒரே நாள். நாலு மணிக்குள் தேறாவிட்டால் அடுத்த வருடம்தான். அதுவரை பட்டறை தாங்காது.

சோதனைக் கூடத்தில் வேறொரு கம்பெனியின் கட்டம்போட்ட சட்டைக்காரர் தன் பெட்டியை எங்கள் சென்சாரோடு இணைத்தார். மேஜைமேல் ஓடிய மோட்டாரின் சூடு நாற்பது டிகிரி. அவர் திரையில் வந்ததோ பத்தாயிரத்து இருநூற்று நாற்பது.

“சூரியனையே தூக்கிச் சாப்பிட்டுடுச்சே மேடம்.”

“உங்க பெட்டி சரியில்ல,” என்றார் அண்ணி.

இன்னும் இரண்டு கம்பெனிப் பெட்டிகளிலும் அதே எண். அவையும் சரியில்லையாம்! மணி மூன்றரை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மூணு பேரும் சொல்லி வச்ச மாதிரி தப்பு பண்ணுவாங்களா அண்ணி? விதிப் புத்தகத்தப் பாருங்க.”

முறைத்துவிட்டுப் புரட்டினார். எண்ணை இரண்டு துண்டாக அனுப்பும்போது பெரிய துண்டு முதலில் போக வேண்டுமாம். நாங்கள் சின்னதை முதலில் அனுப்பிக்கொண்டிருந்தோம்; அதனால்தான் மற்றவர்கள் பெட்டியில் நாற்பது பத்தாயிரத்துச் சொச்சமானது. எங்கள் பெட்டியும் அதைத் தலைகீழாகவே சேர்த்துப் படித்ததால் எட்டு வருடமாக யாருக்கும் தெரியவில்லை. இரண்டுக்கும் நிரல் எழுதியது அண்ணிதான்.

அவர் முகம் சுண்டிப்போனது. எனக்கே பாவமாக இருந்தது. மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தார். மூன்று ஐம்பதுக்கு மூன்று திரையிலும் நாற்பது. நான் அழுதுவிட்டேன்.

அண்ணன் போன் செய்தான். அண்ணி ஸ்பீக்கரைப் போட்டார். மூன்று கம்பெனிக்காரர்களும் பக்கத்திலேயே நின்றார்கள்.

“பாஸாயிட்டோம். தப்பு என்மேலதான். சரி பண்ணிட்டேன்.”



“நீங்க யாருங்க பேசறது?” என்றான் அண்ணன். “கொஞ்சம் போனை அவகிட்ட குடுங்க.”