சுவருக்குள் படிக்கும் சத்தம்

அந்தச் சுவரில் காதை வைத்தால் முதலில் சூடுதான் தெரியும். வெயில் படாத உள்பக்கத்துச் சுவர், காய்ச்சல்காரரின் நெற்றிபோலக் கதகதத்தது, அதற்குள்ளிருந்து யாரோ வாயைத் திறக்காமல் விடாது எதையோ முணுமுணுக்கும் சத்தம் கேட்கும். போரினால் பல வருடங்களை முகாம்களில் கழித்துவிட்டு நாங்கள் சம்பூருக்குத் திரும்பியபோது எனக்கு ஒன்பது வயது. கூரையில்லாமல் நின்று, பிறகு தகரம் போட்டு மூடிய அந்த வீடு அப்பாவின் அக்காவான என் மாமியுடையது. சத்தம் வந்த அறை, இடம்பெயர்ந்த வழியில் காணாமற்போன அவருடைய மகன் ரூபன் மச்சானுடையது.

சுவர் வெடிப்பால் தேனீக்கள் போய்வருவதை எல்லோரும் பார்த்தோம், மாமியும் பார்த்தார். "அதுகள் தேனீதான், ஆர் இல்லையெண்டது? ஆனா படிக்கிறது என்ர பொடியன். அவன் வாய்க்குள்ளதானே படிக்கிறவன்" என்பார். காலையும் மாலையும் சுவரோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டு இருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால், "பொறு பிள்ளை, பாடம் முடியட்டும்" என்று கையைக் காட்டுவார். எனக்குப் பயம்தான். ஆனாலும் மாமி இல்லாத வேளை பார்த்து நானும் போய்க் காதை வைப்பேன்.

தன் அக்காவுக்குப் புத்தி பேதலித்துவிடுமோ என்று அப்பா கலங்கிப்போனார். மாமி வெருகல் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்த அன்று, தேங்காய்ப் பொச்சுமட்டையை மூட்டிப் புகைபோட்டுக் கூட்டைக் கலைத்து, வெடிப்பைச் சீமெந்தால் பூசிவிட்டார். "சத்தம் இல்லாட்டி அக்கா ஒழுங்காச் சாப்பிடுவா" என்று அம்மாவிடம் சொன்னார். திரும்பிவந்த மாமி திருநீற்றுப் பொட்டலத்தோடு நேரே சுவரடிக்குப் போய், காதை வைத்து வெகுநேரம் நின்றுவிட்டு, "தம்பி, அவன் படிப்பை விட்டிட்டானடா" என்று மட்டும் சொன்னார். அவர் அழவில்லை, அப்பாதான் அழுதார்.

அந்த வருடம் எங்கள் வீடு, மாமி வீடு இரண்டுக்கும் மாமியின் பூசணித் தோட்டம்தான் நம்பிக்கை. கொடி படர்ந்து வளவு முழுக்க மஞ்சளாய்ப் பூத்தது, ஆனால் எந்தப் பூவிலும் ஒரு சிறகுச் சத்தமில்லை; சுற்றியிருந்த பற்றைக்காடுகளை ஊரார் எரித்துத் துப்புரவாக்கியிருந்தார்கள், மிஞ்சியிருந்த ஒரு கூட்டையும் அப்பா முடித்துவிட்டார். பெண்பூவின் அடியிலிருந்த பிஞ்சுகள் வெம்பி வெம்பி விழுந்தன. அயலவர்கள் "கண்ணூறு" என்றார்கள், அப்பா வைக்கோலால் "வெருளி" பொம்மை கட்டி வைத்தார். வெருளி நின்றது, பிஞ்சு நிற்கவில்லை.

பிறகொரு காலை, மாமி ஆண்பூவைக் கிள்ளி, இதழை உரித்து, மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் தடவுவதைக் கண்டேன். அது முகாம் தோட்டத்தில் அவர் பழகிய கைவேலைதான். ஆனால் ஒவ்வொரு பூவின் முன்னும் குந்தி, வாயை மூடிக்கொண்டு முணுமுணுத்தார். சுவருக்குள் கேட்ட அதே சத்தம், அதே ஏற்ற இறக்கம். "சத்தம் கேட்டாத்தான் பூ நம்பும், பிள்ளை" என்றார். காய் பிடித்தது. பள்ளிக்கூடத்தில் மகரந்தச் சேர்க்கை படித்துவிட்டு வந்து, சத்தம் தேவையில்லை என்று நான் சொன்னபோது மாமி சிரித்தார். "அப்ப நீ சத்தமில்லாமல் செய்து பாரன்." நான் செய்யவில்லை. பிஞ்சு விழுந்துவிடுமென்று அல்ல, பிடித்துவிடுமென்றுதான் பயந்தேன்.

இப்போது மாமி இல்லை. அந்த வீட்டையும் இடித்தாயிற்று. அவ்விடத்தில் வெடிப்பில்லாத புது வீடு நிற்கிறது, தேனீ புக ஓர் ஓட்டை கிடையாது. அப்பா மட்டும் பூசணி போடுவதை விடவில்லை. போன மாதம் திருகோணமலை நகரத்திலிருந்து ஊருக்குப் போயிருந்தபோது, விடியற்காலையில் அவர் கையில் ஆண்பூவோடு பூவுக்குப் பூ குந்திப் போவதைப் பார்த்தேன். அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது.

"அப்பா, மாமி மாதிரியே முணுமுணுக்கிறீங்கள்" என்றேன்.

அப்பா நிமிர்ந்தார். "நானோ? நான் நீயெண்டெல்லோ நினைச்சன்."

சத்தம் நிற்கவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அப்பா கண் கலங்க என் கையைப் பிடித்தார்.

"கதையாதை, பிள்ளை. அவன் படிக்கட்டும்."