அடுப்படியில் செருப்பு

மானிட்டர் முதல் தடவை நடுங்கியபோது என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். காலையிலிருந்து படங்களில் பெட்டி போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாம் சாலைப் படங்கள். அவற்றில் இருக்கும் கார், லாரி, சைக்கிள், நடந்து போகிற ஆள், நடுரோட்டில் படுத்திருக்கிற மாடு என்று ஒவ்வொன்றையும் சுற்றி மவுசால் ஒரு பெட்டி வரைய வேண்டும். கோடு பொருளை ஒட்டி நிற்க வேண்டும், கொஞ்சம் தள்ளிப் போனாலும் பிழை. எதற்கு இது என்று அம்மா கேட்டாள்.

"தானா ஓடுற வண்டிக்கு இது இது இன்னான்னு சொல்லிக் குடுக்குறோம்மா."

"மாட்டக் கூடவா சொல்லிக் குடுக்கணும்?" என்றாள்.

சென்னையில் ஒரு சின்ன கம்பெனிக்கு வீட்டிலிருந்தே செய்கிற வேலை. பயிற்சிக் காலம் முடியும்வரை பிழைகள் அவர்கள் சொன்ன அளவைத் தாண்டாமல் இருந்தால் வேலை உறுதி. தாண்டினால் அப்பா கூப்பிடும் இடத்துக்குப் போக வேண்டும். அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் இருக்கிறார். மண் கொண்டுபோகும் பெல்ட்டிலிருந்து கீழே சிந்துவதை அள்ளிப் போடுகிற வேலை. அந்தக் கான்ட்ராக்டர் எனக்கும் ஓர் இடம் வைத்திருந்தார். "படிச்ச பையன், கணக்கெழுத வெச்சிக்கலாம்" என்றாராம். அதை வீட்டில் வந்து சொன்னபோது அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. கணக்கெழுத என்று சேர்ந்துவிட்டு மண்வாரியோடு நிற்கிறவர்களை அவர் தினமும் பார்க்கிறார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேலே பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் டிப்ளமோவும் படித்தேன். அந்தப் படிப்புக்கென்று ஒரு வேலை கிடைக்கவில்லை. இந்தப் பெட்டி போடுகிற வேலை கிடைத்ததும் அம்மா யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். உறுதியானதும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

மானிட்டரை மெயின் பஜாரில் ஒரு பாய் கடையில் பழையதாக வாங்கியிருந்தேன். முதல் நடுக்கத்துக்குப் பிறகு அது அடிக்கடி வந்தது. திரை ஒரு கணம் இருண்டு, திரும்ப வந்து, படபடவென்று அடித்து நிற்கும். அந்த நேரத்தில் மவுஸ் கையில் இருந்தால் பெட்டி எங்கோ போய் விழும். கேபிளைக் கழற்றி மாட்டினேன். வேறு கேபிள் வாங்கி மாட்டினேன். செட்டிங்கில் நொடிக்கு எத்தனை தடவை திரை புதுப்பிக்கப்படுகிறது என்பதை மாற்றிப் பார்த்தேன். டிரைவரை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். கடைசியில் மானிட்டரைப் போர்வையில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டிக் கடைக்கே கொண்டு போனேன். மத்தியானம் முழுக்க அங்கே ஓடியது. ஒரு சிமிட்டல் கூட இல்லை.

"எங்கிட்ட அடக்கமாத்தான இருக்கு?" என்றார் பாய். "உன் மேலதான் ஏதோ கோவம் தம்பி. வூட்ல அதட்டிப் பேசினியா?"

நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் கம்பெனியின் மேற்பார்வையாளர் போன் செய்தார். என் வயது இருக்கும் பெண். "அக்யூரசி இறங்கிக்கிட்டே வருது ப்ரோ. இன்னும் இறங்கினா என் கையில ஒண்ணும் இல்ல" என்றார். நல்ல விதமாகத்தான் சொன்னார்.

நாங்கள் குடியிருந்தது சுரங்க நிறுவனத்தின் டவுன்ஷிப்பில் ஒரு குவார்ட்டர்ஸ். எங்கள் பேரில் உள்ளது அல்ல. பெர்மனென்ட் வேலையில் இருக்கிற ஒருவருக்கு ஒதுக்கிய வீடு. அவர் வெளியே சொந்தமாக வீடு கட்டிப் போனதும், யாருக்கும் தெரியாமல் எங்களை உள்ளே வைத்திருந்தார். அப்படி வைக்கக் கூடாது என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதற்கு முன் வளையமாதேவிப் பக்கம் இருந்தோம். எங்களுக்கென்று அங்கே நிலம் கிடையாது, மற்றவர்கள் நிலத்தில் வேலை இருந்தது. சுரங்கத்துக்கு நிலங்களை எடுத்து அந்த வேலை நின்றதும் அப்பா கான்ட்ராக்ட்டுக்கு வந்தார். குவார்ட்டர்ஸில் சத்தம் போட்டுப் பேச மாட்டோம். சொந்தக்காரர்களைக் கூப்பிட மாட்டோம். யாராவது கேட்டால் அந்த சாருக்கு உறவு என்று சொல்ல வேண்டும். சமையல் கரண்ட் அடுப்பில். சுருள் கம்பி சிவந்து எரிகிற பழைய அடுப்பு, வீட்டோடு கிடைத்தது. ஊரில் இருந்த கேஸ் கனெக்‌ஷனை இந்த முகவரிக்கு மாற்ற முடியாது. முகவரியே எங்களுடையது இல்லையே.

போன் வந்த மறுநாள் காலை திரை நடுங்கியபோது அடுப்படியில் கடுகு வெடித்தது. அதற்கு முன்பு நடுங்கியபோதும் சோறு கொதிக்கிற வாசனை வந்தது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. எழுந்து நின்று கத்தினேன்.

"அம்மா, அடுப்ப அணை!"

"இன்னும் வேகலடா!"

"ஒரு நிமிஷம் அணைம்மா!"

சுவிட்ச் சத்தம் கேட்டது. திரை குளத்துத் தண்ணீர் மாதிரி நின்றது.

"இப்ப போடு!"

"போட்டுட்டேன்! இன்னா விளையாட்டு இது?"

திரை படபடத்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மானிட்டரில் குறை இல்லை, வயரிங்கில்தான். பாலிடெக்னிக்கில் படித்த பாடம். அடுப்பு நிறைய கரண்ட் இழுக்கிறது. அது திரும்பிப் போகிற கம்பியை நியூட்ரல் என்போம். அது எங்கோ தளர்ந்திருக்கிறது. அடுப்பு எரிகிறபோதெல்லாம் வழி கிடைக்காமல் கரண்ட் தடுமாறும், கூடவே திரையும் தடுமாறும். டெஸ்டரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். பிளக்கைப் பார்க்கலாம் என்று குனிகிற வழியில், சும்மா ஒரு பழக்கத்தில், டெஸ்டரை அடுப்பின் இரும்பு விளிம்பில் வைத்தேன்.

அதற்குள் இருக்கிற சின்ன விளக்கு எரிந்தது.

"அங்க வெச்சா எரியும்டா" என்றாள் அம்மா, பக்கத்தில் நின்றபடி. "அதுல கரண்ட் வருது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அடிக்குதே. வந்த புதுசுல இல்ல. மழைக்குப் பொறவுதான். ஈரக் கையோட பாத்திரத்த எடுத்தா முழங்கை வரைக்கும் சுர்ருன்னு ஏறும். அதான் செருப்பு போட்டுகினு நிக்கிறேன்."

அவள் காலைப் பார்த்தேன். நீல ரப்பர் செருப்பு. எங்கள் வீட்டில் வாசற்படிக்கு இந்தப் பக்கம் செருப்பு வந்ததே கிடையாது. அவள் அடுப்படியில் செருப்போடு நிற்பதை முதலில் பார்த்தபோது, "டவுன்ஷிப்புக்கு வந்ததும் பெரிய மனுஷி ஆயிட்ட" என்று கேலி செய்திருந்தேன். "தரை சில்லுனு இருக்குடா, நீ வேலயப் பாரு" என்றாள் அப்போது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார்.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா அடுப்ப நிறுத்துவ. அப்பால எதுல ஆக்குறது? ஆளக் கூட்டியாந்தா இது யாரு வூடும்பான். உன் வேல ஒரு பக்கம் இழுத்துகினு இருக்கு." துணியால் பிடித்துக் குழம்புச் சட்டியை இறக்கினாள். "ஊசி குத்துற மாதிரிதான். பழகிடுச்சி."

மெயினை அணைத்துவிட்டு அடுப்பு மாட்டுகிற பிளக் பாயின்ட்டைத் திறந்தேன். இரும்பில் கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் கம்பியே வரவில்லை. எங்களுக்கு முன்னால் இங்கே குடியிருந்த யாரோ ஒரு துண்டு வயரால் எர்த் வர வேண்டிய இடத்தையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். நியூட்ரல் ஒழுங்காக இருந்தவரை தெரிந்திருக்காது. அது தளர்ந்ததும், திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் இந்தத் துண்டு வழியாக அடுப்பின் இரும்பில் வந்து நின்றிருக்கிறது. என் திரை நடுங்கிய ஒவ்வொரு முறையும், அதே நேரத்தில், பத்தடி தள்ளி அவள் அந்த இரும்பில் கை வைத்துக்கொண்டிருந்தாள்.

துண்டை வெட்டி எடுத்தேன். ஆனால் நியூட்ரல் தளர்ந்த இடம் வீட்டுக்குள் இல்லை, அடுப்பு எரிகிற ஒவ்வொரு முறையும் அந்த இடம் சூடேறும். மாடிப்படிக்குக் கீழே எல்லா வீட்டுக்கும் பொதுவாகப் பூட்டி வைத்த போர்டு இருக்கிறது. அதன் தகரத்தில் கை வைத்தேன். சுட்டது.

டவுன்ஷிப்பில் இதற்கெல்லாம் கம்ப்ளெயின்ட் கொடுத்தால் வந்து பார்ப்பார்கள். கொடுக்க வேண்டியது வீட்டுக்காரர். அந்த சாருக்குப் போன் செய்தேன். அவர் தென்பக்கத்துக்காரர்.

"என்ன தம்பி சொல்லுதீய? ஆளு வந்தாம்னா உள்ள யாரு இருக்கான்னு கேப்பாம்லா? நான் என்ன சொல்லட்டும்? கொஞ்சம் பொறுங்க, ரெண்டு பேருக்கும் நல்லது" என்று வைத்துவிட்டார்.

ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவிடம் சொன்னேன். குளிக்காமல், மண் படிந்த சட்டையோடு அடுப்பு முன்னால் குந்தி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத்தினி நாளா?" என்றார் அம்மாவிடம்.

"இப்ப இன்னா ஆயிப்போச்சி? எழுந்து குளி."

குளித்துவிட்டு வந்து, "கரண்ட் அடுப்ப மூடிடு. பின்னால கல்லு கூட்டி ஆக்கு. இவன் வேல உறுதி ஆவட்டும், அப்பால மத்தத பாக்கலாம்" என்றார். அம்மா தலையாட்டினாள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வீட்டுக்குப் பின்னால் மூன்று செங்கல் வைத்து, உதிர்ந்து கிடந்த மரக்குச்சிகளைப் பொறுக்கி அம்மா சோறாக்கினாள். என் திரை அசையாமல் நின்றது. மாட்டைச் சுற்றி, லாரியைச் சுற்றி, கோடு ஒட்டி விழுந்தது. மேற்பார்வையாளர், "சூப்பர் ப்ரோ, இப்படியே போங்க" என்று செய்தி அனுப்பினார். ஜன்னல் வழியாகப் புகை வரும், பின்னால் அம்மா இருமுவாள். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு வேலை செய்தேன்.

மேல்வீட்டு அம்மா இரண்டு நாள் பொறுத்தார். பிறகு மாடியிலிருந்தே, "ஏங்க, துணியெல்லாம் புகை நாத்தம்! குவார்ட்டர்ஸ்ல விறகு வெச்சு எரிப்பாங்களா யாராவது? நீங்க யாரு வீட்டு ஆளுங்க?" என்று கேட்டார்.

"சாரிங்க... சாரிங்க" என்று அம்மா தடுமாறியது எனக்குக் கேட்டது. அவள் அந்த வார்த்தையைச் சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

அதற்கு அடுத்த நாள் காலை, பாதிப் படத்தில் இருந்தேன். திரை படபடத்தது.

ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலி விழ எழுந்தேன். அடுப்படியில் அம்மா நின்றாள். சுருள் கம்பி சிவந்திருந்தது. ஒரு கால் செருப்பில் இருந்தது, இன்னொன்றை அவசரத்தில் தேடிக்கொண்டிருந்தாள். மாடிப்படிப் பக்கமிருந்து பிளாஸ்டிக் கருகுகிற வாடை வந்தது.

"ஒரே ஒரு கொதிடா, பருப்பு மட்டும்..." என்றவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு, பயந்த குரலில் கேட்டாள்:

"ஐயோ, திர ஆடிச்சா?"

பிளக்கைப் பிடுங்கினேன். சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். "வேலய விட்டுட்டு எங்கடா போற?" என்று வாசல்வரை வந்தாள். டவுன்ஷிப் ஆபீசுக்குப் போய், வீட்டு எண்ணைச் சொல்லி நானே கம்ப்ளெயின்ட் கொடுத்தேன். போர்டு கருகுது, எல்லா வீட்டுக்கும் ஆபத்து என்றேன்.

அன்றே இருவர் வந்தார்கள். பெரியவர் போர்டைத் திறந்ததும், "யப்பா, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா மொத்தமும் போயிருக்கும்" என்றார். கறுத்துப்போன கம்பியை வெட்டி, புதிதாக முறுக்கி இறுக்கினார். அடுப்படிக்கும் எர்த் இழுத்துக் கொடுத்தார். மத்தியானம்வரை கரண்ட் இல்லை, என் அன்றைய வேலையும் இல்லை. மேற்பார்வையாளருக்குப் போன் செய்து நடந்ததை அப்படியே சொன்னேன். "அம்மா நல்லா இருக்காங்களா?" என்றார். பிறகு, "இன்னிக்கு ஒரு நாளைக் கணக்குல சேர்க்காம விட முடியுமான்னு பார்க்கிறேன் ப்ரோ, ப்ராமிஸ் பண்ண முடியாது" என்றார்.

போகும்போது பெரியவர் அம்மாவிடம் கேட்டார்.

"வீட்டுக்கார சாருக்கு நீங்க என்ன ஆவணும்?"

"எங்க அண்ணன்தாங்க" என்றாள் அம்மா உடனே.

அவர் கருவிப்பையை மூடிக்கொண்டே சிரித்தார். "எனக்கு அவரத் தெரியும்மா. அவரு பேசுறது பாதி எனக்கே புரியாது. நீங்க அச்சு அசல் நம்ம பக்கத்துப் பேச்சு பேசுறீங்க."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. அவர் யாரிடமாவது சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. ஆனால் அன்று சாயங்காலமே சார் போன் செய்தார். கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. "நான் பிள்ளகுட்டிக்காரன் தம்பி. மாசம் முடியட்டும், வேற இடம் பாத்துக்கிடுங்க" என்றார். அப்பா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மறுநாள் ஷிப்ட் முடிந்து நேராக வீடு தேடப் போனார்.

வேலை உறுதி என்று தகவல் வந்தபோது நான் மானிட்டரை அதே போர்வையில் சுற்றிக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் சொன்னேன். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இனி யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம் என்றேன். வீடு எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்றாள்.

இப்போது டவுன்ஷிப்புக்கு வெளியே, பஸ் போகிற சாலையை ஒட்டி, ஒற்றை அறையும் அடுப்படியும் உள்ள வீட்டில் இருக்கிறோம். அப்பாவுக்கு சுரங்கம் இன்னும் தூரம். வாடகை ஒப்பந்தம் அப்பா பேரில் இருப்பதால் கேஸ் வந்துவிட்டது. திரை ஆடுவதில்லை. ஆனால் அம்மா பாத்திரத்தை எடுப்பதற்கு முன், சட்டென்று, புறங்கையால் ஒரு தரம் தொட்டுப் பார்க்கிறாள். குழாயைத் திறப்பதற்கு முன்னும் அப்படித்தான். வலது கை விரல் நுனிகள் சில நாள் மரத்துப் போகின்றன என்று அப்பாவிடம் சொன்னதை அறைக்குள்ளிருந்து கேட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கூப்பிட்டால் வருவதில்லை.

நேற்று காலையும் வேலைக்கு நடுவில் எழுந்து போய்ப் பார்த்தேன். கேஸ் அடுப்பின் முன்னால், நீல ரப்பர் செருப்போடு நின்றிருந்தாள்.

"இதுல கரண்டே கிடையாதும்மா. கழட்டிப் போடு."

"தெரியும்டா" என்றாள், திரும்பாமல். "நீ வேலயப் பாரு."