வத்தல்மலை சாந்தா நர்ஸும் நான் பிரித்த இன்ஜினும்

செவ்வாய்க்கிழமை காலை ஒரு வண்டிக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தேன். வத்தல்மலையிலிருந்து ராகி மூட்டை இறக்க வந்த மாதேஷ் கடை வாசலிலேயே நின்றுவிட்டான். "அண்ணா, நம்ம சாந்தா நர்ஸ் தவறிட்டாங்க. விடியக்காலைல மாரடைப்பாம்" என்றான். "போடா, முந்தாநாள்தான் ஆயில் மாத்திட்டுப் போனாங்க" என்று அவன்மேல் எரிந்து விழுந்தேன். ஆயில் மாற்றிக்கொண்டு போனவர் சாகமாட்டார் என்று எங்கே எழுதியிருக்கிறது? ஆனாலும் வாயில் அதுதான் வந்தது.

மலையடிவாரத்தில் மெக்கானிக் கடை வைத்திருக்கிறேன். சாந்தா அக்கா மலை ஊர்களுக்குக் கிராம சுகாதாரச் செவிலியர். ஸ்கூட்டர் ஏற்றத்தில் திணறுகிறதென்று, பல கை மாறி வந்த ஒரு பழைய பைக்கை வாங்கி ஓட்டினார். சேலையை இழுத்துச் செருகி, பின்சீட்டில் தடுப்பூசிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவர் வளைவில் திரும்பும்போதே, சத்தம் கேட்டுப் பிள்ளைகள் ராகிக் காட்டுக்குள் ஓடி ஒளிந்துகொள்ளுமாம். "சைலன்சரை நல்லதா போட்டுக் குடு தம்பி, பாதிப் பேரு தப்பிச்சுடுறானுங்க" என்பார்.

மூன்று வருஷம் முன்பு, ஆயுத பூஜை முடிந்த வாரம் அவர் வந்தார்.

"தம்பி, வண்டி நடுங்குது. ஹேண்டில் புடிச்சா கை மரத்துப் போவுது."

"பழைய வண்டிங்க அக்கா, நடுங்கத்தான் செய்யும்."

"எங்கிட்ட வர்ற ஆயாங்ககிட்ட நான் இப்படிச் சொன்னா நீ சும்மா உடுவியா?"

நோயாளியை விசாரிப்பதுபோல் வண்டியை விசாரித்துவிட்டுத்தான் வந்திருந்தார். கடைசி இறக்கத்தில் இன்ஜினை அணைத்து உருட்டினால் நடுக்கம் இல்லை; நிறுத்தி வைத்து ஆக்ஸிலரேட்டரை முறுக்கினாலும் நடுங்குகிறது. அப்படியென்றால் சக்கரத்திலும் செயினிலும் குற்றமில்லை, கோளாறு இன்ஜின் பக்கம். பாதி வேலையை அவரே முடித்திருந்தார்.

மீதிப் பாதியை நான் கெடுத்தேன். இன்ஜின் நடுங்கினால், அதை வண்டியின் சட்டத்தோடு பிடித்திருக்கும் இரும்புப் பட்டைகளை முதலில் பார்க்க வேண்டும். நான் போல்ட்டை மட்டும் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தது. "உள்ள கிராங்க் பேரிங் போயிடுச்சு, இன்ஜினைப் பிரிக்கணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். பத்து நாள் இன்ஜின் என் மேசைமேல் பிரிந்து கிடந்தது. அக்கா தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். பேரிங்கில் ஒரு குறையும் இல்லை. பிரித்ததற்கு ஏதாவது நியாயம் வேண்டுமே, புதிது போட்டேன். வண்டி முன்போலவே நடுங்கியது. "புதுப் பேரிங் செட் ஆகணுங்க அக்கா, ஐநூறு கிலோமீட்டர் ஓட்டுங்க" என்றேன். பதில் தெரியாத மெக்கானிக்குகள் சொல்லும் பதில் அது.

ஒரே வாரத்தில் திரும்பி வந்துவிட்டார். "நான் முறுக்குறேன். நீ ஒவ்வொரு எடமா கை வெச்சுப் பாரு. நாடி பாக்குற மாதிரி, அவசரப்படாம" என்றார். முன்பக்க இடது பட்டையில் விரலை வைத்தேன். அங்கே மட்டும் அதிர்வு இரட்டையாக இடித்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால், கறுப்புப் பெயின்ட்டுக்கு அடியில் மயிரிழை அளவு விரிசல்.

பெயின்ட் அடித்தது நான்தான். ஆயுத பூஜைக்கு வாடிக்கை வண்டிகளைக் கழுவி, சட்டத்துக்கு ஒரு கை கறுப்பு அடித்து, பொட்டு வைத்து அனுப்புவது என் கடை வழக்கம். இன்ஜினைத் திரும்ப ஏற்றும்போது, புதுசுபோலத் தெரியட்டும் என்று இன்னொரு கையும் அடித்திருந்தேன். பட்டையை மாற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை. நடுக்கம் போயே போய்விட்டது.

அக்கா திட்டவில்லை. "ஊசி போட்ட எடம் வீங்கிட்டா ஊருக்கெல்லாம் சொல்லத் தேவையில்ல தம்பி. யாருக்கு வீங்குச்சோ அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிடணும்" என்றார். நான் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

குனிந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. இன்ஜின் பிரிந்து கிடந்த நாட்களில் டீக்கடையில் கேட்டவர்களிடம், "நர்சம்மாவுக்கு கியர் மாத்தத் தெரியல, மேட்டுல டாப் கியர்லயே இழுத்து கிராங்கைத் தின்னுட்டாங்க" என்று சொல்லி வைத்திருந்தேன். என் மானத்தைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை. பேச்சு மலை ஊர்கள்வரை ஏறிப் போய்விட்டது. "பொம்பள ஓட்டுன வண்டி" என்று சிரித்தார்கள். மேலதிகாரி ஒருவர், இனிமேல் பஸ்ஸில் போகச் சொல்லி அறிவுரையும் சொன்னாராம். இது அத்தனையும் அக்காவுக்குத் தெரியும். ஆனாலும் வேறு கடைக்கு அவர் போனதேயில்லை. கடைசியாக வந்தபோதுகூட, "கிராங்கைத் தின்னவ வந்திருக்கேன், ஆயில் மாத்து" என்று சிரித்துக்கொண்டே வந்தார். ஒரு பை சாமையும் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது எந்த வண்டி நடுங்கிக்கொண்டு வந்தாலும் முறுக்கச் சொல்லிவிட்டு ஒவ்வொரு இடமாகக் கை வைத்துப் பார்க்கிறேன். கை பொறுத்திருக்கப் பழகிவிட்டது; வாய்தான் பழகவில்லை. சாவு வீட்டு வாசலில் அவருடைய பைக் நின்றிருந்தது. அதைக் காட்டி ஒருவர், "பாவம், கியர் மாத்தத் தெரியாமலே இத்தனை வருஷம் ஓட்டிட்டாங்க" என்று பிரியமாகத்தான் சொன்னார். பக்கத்தில் நின்ற நான் மாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அவரை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். சாந்தா அக்கா அந்த மலையில் என்னைவிட நன்றாக வண்டி ஓட்டினார். அவர் ஓட்டி எதுவும் கெடவில்லை. அந்த இன்ஜினைப் பிரித்திருக்கவே வேண்டாம். தப்பு என்னுடையது. அதை அக்காவிடம் சொல்ல எனக்கு மூன்று வருஷம் இருந்தது.