அடுப்படி வளைவு

எழுபத்துநாலில் உடும்பஞ்சோலைக்கு மேலே எங்கள் மலைக்கு ஜீப் ரோடு போட, ஓடைக்கரையோரம் முளைக்குச்சி அடித்தார் மலையாளி சர்வேயர். கரை மரங்களை வெட்டினால் நிழல் போகும், ஏலச்செடி கருகும். ரோடே வேண்டாமென்று சொல்லவும் சுருளியம்மாளுக்கு மனசில்லை. பிரசவத்துக்குக் கட்டிலில் தூக்கிப் போன வழியிலேயே மகளைப் பறிகொடுத்தவள் அவள்.

“ரோட்டைக் கொஞ்சம் மேலே ஏத்துங்கய்யா.”

“மேலே நிங்களோட அடுக்களை அல்லே இருக்கு?”

“இடிச்சிருங்க. என் சமையலுக்கு எம்புருசனும் அதைத்தான் சொல்லுதாரு.”

சர்வேயர் சிரித்தபடி குச்சியைப் பிடுங்கினார். அடுப்பை அவளே இடித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு புகை என்றாள். அன்று அடுப்பே பற்றவைக்கவில்லை.

முதல் ஜீப்பில் நிறைமாதமாகப் போன பக்கத்து வீட்டுச் சிசிலி பிள்ளையோடு திரும்பினாள். ஓடை மரங்களின் குளிர்ச்சியில், “அடுப்படியில நிறுத்துப்பா” என்று ரோடு மேலே ஏறும் அந்த வளைவில் எத்தனை வருஷம் இறங்கியிருப்போம்.