திருப்பி அனுப்பிய அரிசிப் பை

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். மலாக்காவில் காஜா பேராங் பக்கம், தகரக் கூரை போட்ட ஒரு வாடகை வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். எனக்கு இருபத்து மூன்று வயது, கையில் ஐந்து மாதக் குழந்தை. வாயும் கொஞ்சம் நீளம். அந்த வாய் ஒரு நாள் அடைத்துப்போய் நின்ற கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

நாங்கள் ரப்பர்த் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் போய்விட்டார். என் வீட்டுக்காரரோடு பால் மரம் சீவியவர்களில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். நாங்கள் மட்டும் டவுனுக்கு வந்தோம். அவருக்கு லோரியில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை கிடைத்தது.

நான் இங்கேயே பிறந்தவள். அவர் அப்படி இல்லை. ஒன்பது வயதில் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கியவர். சித்தப்பா ஜப்பான்காரன் காலத்திலேயே போய்ச் சேர்ந்தார், அவரோடு காகிதங்களும் போய்விட்டன. சின்ன வயதிலிருந்து இவர் இந்த நாட்டில்தான் இருக்கிறார் என்று சொல்ல எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சாட்சி. துரை புறப்படுவதற்கு முன் டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதம். குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தோம். அந்தக் கடிதத்தோடு திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்கு வரும்படி தபால் வந்திருந்தது. காகிதம் காட்டாதவனை வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள், கப்பலேற்றி அனுப்பிவிடுவார்கள் என்று ஆளுக்கு ஒன்று பேசிய காலம் அது. எது உண்மை, எது புரளி என்று எங்களுக்குத் தெரியாது. பயப்படத்தான் தெரியும்.

எங்கள் சந்தின் கோடியில் ஒரு சின்ன சர்ச் இருந்தது. பலகைச் சுவர், தமிழ்ச் சபை. அந்தச் சபைப் பெண்களுக்கு ஒரு வழக்கம். ஒவ்வொரு தடவை உலை வைக்கும்போதும் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியாகப் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைச் சர்ச்சுக்குக் கொண்டு வருவார்கள். மாவுச் சாக்குத் துணியில் தைத்த பைகளில் அதை நிரப்பி, சனிக்கிழமை சாயங்காலம் அக்கம்பக்கத்தில் கஷ்டப்படுகிற வீடுகளுக்குக் கொடுப்பார்கள்.

எனக்கு அதைப் பற்றிச் சொன்னவர் பக்கத்து வீட்டு அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மடிப்புக் கலையாத சேலை, எந்நேரமும் தலையில் பூ. வீட்டுக்காரர் சிங்கப்பூரில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார் என்று சொல்வார். வேலியோரம் நின்று என்னை எச்சரித்தார்.

“இன்னிக்கு அரிசியக் கொடுப்பாங்க, நாளைக்குப் பேர மாத்துவாங்க. வாங்கிடாத, தெரியுதா?”

நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரியாமல் என் வீட்டுக்காரர் துரையின் கடிதத்தைக் கொண்டுபோய் அந்தச் சர்ச்சில்தான் கொடுத்திருக்கிறார். சபையைச் சேர்ந்த தமிழ்ப் பள்ளி டீச்சர் ஒருவர், பள்ளி விட்ட பிறகு சர்ச்சின் பக்கத்து அறையில் உட்கார்ந்து, யார் வந்தாலும் குடியுரிமை மனு எழுதிக் கொடுப்பார். சாமி கும்பிடுகிறவரா, ஜெபம் பண்ணுகிறவரா என்று கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. நான் சத்தம் போடுவேன் என்று என் வீட்டுக்காரர் என்னிடம் வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம், நல்ல மழை. கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. ஜன்னல் இடுக்கில் பார்த்தால் டீச்சர், குடையோடு நிற்கிறார். “வீட்ல யாரும்மா?” என்று இரண்டு தடவை கூப்பிட்டார். நான் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்துவிட்டேன். அவர் போன பிறகு திறந்து பார்த்தால், கதவுச் சங்கிலியில் ஒரு சாக்குப் பை கட்டியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். அரிசி.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நாம் என்ன கையேந்தியா நிற்கிறோம்? குழந்தை தூங்கியதும் அந்த மழையிலேயே பையை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று நடந்தேன். சர்ச்சின் பக்கத்து அறையில் யாரும் இல்லை. அதே மாதிரிப் பைகள் பத்துப் பன்னிரண்டு பெஞ்சின் மேல் வரிசையாக இருந்தன. அவற்றோடு இதையும் வைத்துவிட்டு, ஏதோ பெரிய வீரம் செய்தவள்போல் திரும்பி வந்தேன். அக்காவிடம் சொல்லிப் பெருமையடிக்கலாம் என்று பார்த்தேன். மழைக்கு அவர் கதவைச் சாத்தியிருந்தார்.

ஜொகூர் வரைக்கும் லோரியில் போயிருந்த என் வீட்டுக்காரர் ஞாயிறு விடிந்ததும் வந்தார். உட்காரக்கூட இல்லை.

“டீச்சரு பை கொடுத்தாங்களா?”

“என்ன பை?”

“அரிசிப் பைதான். துரை கொடுத்த சூராட், அந்தக் கடுதாசி, அதுக்குள்ளதான் இருக்கு. மழையா இருக்கு, எண்ணெய்க் காகிதத்துல சுத்தி அரிசிக்குள்ள வெச்சுக் கொண்டாறேன்னாங்க. பால் கொடுக்கிற பிள்ள, அரிசியும் இருக்கட்டும்னாங்க.”

 உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவர் கை ஓங்குகிறவர் இல்லை, சத்தம் போடுகிறவரும் இல்லை. ஆனால் கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். அதற்குத்தான் நான் பயந்தேன்.

“வரலையே” என்று சொல்லிவிட்டேன். “நீங்க படுங்க, ராவெல்லாம் தூங்கல. நானே போய் வாங்கிட்டு வரேன்.”

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். பக்கத்து அறை பெஞ்சில் ஒரு பைகூட இல்லை. முந்தின நாள் சாயங்காலமே எல்லாம் வீடுகளுக்குப் போய்விட்டன. உள்ளே ஆராதனை நடந்துகொண்டிருந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, நெற்றி நிறையப் பொட்டோடு கதவோரம் நின்றேன். எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள், வெளியே போ என்பார்கள் என்று நினைத்தேன். ஒரு அம்மாள் நகர்ந்து உட்கார்ந்து, பெஞ்சில் கையால் தட்டி இடம் காட்டினார். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

டீச்சர் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். கடிதம் கிடைக்கவில்லை என்றேன்.

“நேத்து மத்தியானம் நான்தானேம்மா…” என்று ஆரம்பித்தார்.

“எங்க வீட்டுக்கு ஒண்ணும் வரல டீச்சர்” என்று குறுக்கே விழுந்தேன்.

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “அப்படின்னா மத்தப் பையோட கலந்து போயிருக்கும். நான் கவனமா இருந்திருக்கணும். என் தப்புதான்.”

அவர் முன்னால் போய்ப் போதகர் காதில் ஏதோ சொன்னார். பிரசங்கம் பாதியில் நின்றது. நாளைக்குக் காலையில் வேண்டிய குடியுரிமைக் காகிதம் ஒன்று நேற்றுப் போன அரிசிப் பையில் மாட்டிக்கொண்டது என்று போதகர் சபைக்கு எடுத்துச் சொன்னார்.

“மிச்சப் பிரசங்கம் எங்கயும் ஓடிப் போயிடாது. பை கொண்டு போனவங்க எழுந்திரிங்க” என்றார்.

ஏழு பெண்கள் எழுந்தார்கள். நானும் கூடப் போகிறேன் என்று கிளம்பினேன். டீச்சர் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். எந்தெந்த வீட்டுக்கு அரிசி போகிறது என்று அவர்கள் எங்கும் எழுதி வைப்பதில்லையாம். கொண்டு போகிறவளுக்கு மட்டும்தான் தெரியும். போதகரே கேட்கமாட்டாராம். வாங்குகிறவர் நாளைக்குத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க வேண்டாமா என்றார் டீச்சர். அதனால் அவரவர் பை கொடுத்த வீட்டுக்கு அவரவர்தான் போக வேண்டும். நான் காத்திருக்க வேண்டும்.

அந்த இரண்டு மணி நேரம் எப்படிப் போயிற்று என்று கேட்காதீர்கள். யாரும் வீட்டுக்குப் போகவில்லை. எனக்குச் சாயா வந்தது, அப்படியே ஆறிப்போனது. அரிசியைக் கொட்டும்போது காகிதத்தைக் குப்பையில் போட்டிருந்தால்? அடுப்புப் பற்றவைக்க எடுத்திருந்தால்? கப்பல் படிக்கட்டில் அவர் ஏறுவதும், நானும் குழந்தையும் கரையில் நிற்பதும் கண்ணுக்குள் வந்து வந்து போயின. நடுநடுவே வீட்டு ஞாபகம் வேறு. அவர் விழித்துக்கொண்டு இங்கே வந்து, டீச்சரும் அவரும் பேசிக்கொண்டால் என் பொய் அம்பலமாகிவிடும்.

ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ஒருவர் செட்டி மக்கள் குடியிருக்கும் பக்கத்திலிருந்து வந்தார். பல தலைமுறைக்கு முன்னால் வந்து தமிழே மறந்துபோனாலும் அவர்கள் நம் சாமியைத்தான் கும்பிடுகிறார்கள். இன்னொருவர் சீனர் கடை வரிசைப் பக்கத்திலிருந்து. ஒருவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு மலாய்க்காரர்கள் குடியிருக்கும் கம்பத்துப் பாதையில் வந்தார். எந்த வீடு என்று யாரும் சொல்லவில்லை. வந்த திசைதான் தெரிந்தது. பேரை மாற்றத்தான் அரிசி கொடுக்கிறார்கள் என்றால் இத்தனை திசைக்கு ஏன் போக வேண்டும் என்று அந்தக் கலவரத்திலும் எனக்குத் தோன்றியது. வந்த ஆறு பேரும் கையை விரித்தார்கள்.

கடைசியாக வந்தவர் சலவைக் கடைக்காரரின் மனைவி. கொஞ்சம் கனத்த உடம்பு, மூச்சு வாங்கியது. நேராக என்னிடம் வந்து காதோடு சொன்னார்.

“வீட்டுக்குப் போ. உன் கையிலதான் கொடுப்பாங்களாம். பின்வாசலத் தொறந்து வை.”

“யாரு?”

“அத நான் சொல்லக்கூடாதும்மா. போ.”

வீட்டுக்கு வந்தேன். முன்னறையில் அவர் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். குழந்தையைப் பக்கத்தில் கிடத்திவிட்டு, அடுப்படிக் கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் கதவு அசைந்தது. உள்ளே வந்தது பக்கத்து வீட்டு அக்கா.

அக்கா தலையில் பூ இல்லை. முந்தானைக்குள்ளிருந்து எண்ணெய்க் காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார். பிரித்துப் பார்த்தேன். துரையின் கையெழுத்து அப்படியே இருந்தது, ஒரு சொட்டு ஈரம் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அக்கா எனக்கு முன்னாலேயே அழுதுகொண்டிருந்தார்.

“அவங்க வந்து கேட்டப்ப மொதல்ல இல்லேன்னுதான் சொன்னேன்” என்றார். “நாளைக்கு ஆபிசுல காட்டணும்னாங்க. திங்கக்கிழம போகணும்னு நீ சொல்லியிருந்தியே, உன் வீட்டுக்காரரோடதுதான்னு தெரிஞ்சுபோச்சு. கதவச் சாத்திட்டேன். அப்புறம் மனசு கேக்கல. தெருக்கோடி வரைக்கும் ஓடிப்போய் அவங்களக் கூப்பிட்டேன். மறுபடி கை மாறித் தொலஞ்சிடக் கூடாதுன்னு, நானே உன் கையில கொடுக்கிறேன்னு சொல்லிட்டேன்.”

சிங்கப்பூரிலிருந்து தபால் வந்து எட்டு மாதம் ஆகிறது என்றார். வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லையாம். வாராவாரம் அந்த அரிசிதான் அடுப்பில் ஏறுகிறதாம். என்னிடம் அந்தச் சபையைப் பற்றிப் பேசியதெல்லாம், தன் மேல் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காகத்தானாம். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“யார்கிட்டயும் சொல்லிடாத” என்று என் கையைப் பிடித்தார். 

காலையிலிருந்து என் வீட்டுக்காரரிடம் சொல்ல வராத உண்மை, டீச்சரிடம் சொல்ல வராத உண்மை, அப்போது தானாகவே வாயில் வந்தது.

“அக்கா, இது எங்க வீட்டுக்கு வந்த அரிசி. எங்க கதவுலதான் கட்டியிருந்தாங்க. நாந்தான் திமிரெடுத்துக் கொண்டுபோய் அங்க வெச்சேன். உங்களுக்கு மட்டுமில்ல, எனக்கும்தான் கொடுத்தாங்க.”

அக்கா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். நாங்கள் இருவரும் அந்த அடுப்படித் தரையில் உட்கார்ந்து, முன்னறைக்குக் கேட்காமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதோம். பிறகு எதற்கென்று தெரியாமல் சிரித்தோம்.

சாயங்காலம் டீச்சரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். கடிதம் எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை. என் பொய்யைப் பற்றிச் சொன்னதும், “தெரியுமே. உன் கதவுச் சங்கிலியில என் கையாலதானே கட்டினேன்” என்றார்.

“அப்புறம் ஏன் டீச்சர் உங்க தப்புன்னு சொன்னீங்க?”

“யார் தப்புன்னு பேசிட்டு இருந்தா காகிதம் கிடைக்குமா?” என்று கேட்டுவிட்டு, அடுத்த மனுவை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

திங்கட்கிழமை என் வீட்டுக்காரர் அலுவலகத்துக்குப் போய்விட்டு வரும்வரை நானும் அக்காவும் வாசலிலேயே நின்றோம். பிற்பாடு அவருக்குக் குடியுரிமை கிடைத்தது. அவரிடம் உண்மையைச் சொல்ல எனக்கு நான்கு வருஷம் பிடித்தது. அப்போதும் என் பங்கை மட்டும்தான் சொன்னேன், அக்காவைப் பற்றி மூச்சு விடவில்லை.

நான் மதம் மாறவில்லை, மாறச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை. அக்கா காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. அவர் பேர் என்ன என்று இப்போதும் நான் சொல்லப் போவதில்லை. ஆனால் கதவைச் சாத்திய பிறகும் மனசு கேட்காமல், தன் மானத்தைவிட என் குடும்பம் பெரிது என்று தெருக்கோடிக்கு ஓடினாரே, அந்த ஓட்டத்தால்தான் என் பிள்ளைகள் இந்த மண்ணில் அப்பா என்று கூப்பிட ஒருவர் வீட்டில் இருந்தார்.