நீலா தொகுத்த இரங்கல் கூட்டம்

ஷார்ஜாவிலும் அஜ்மானிலும் தமிழ்ச் சங்கம் எந்த விழா நடத்தினாலும் மேடையில் நீலாதான் நிற்பாள். வாரநாட்களில் அஜ்மானில் ஒரு பல் கிளினிக்கின் வரவேற்பு மேசை. விடுமுறை நாளில் பட்டுச்சேலையும் கையில் மைக்கும். அழைப்பிதழில் 'நிகழ்ச்சித் தொகுப்பாளர்' என்று போடுவார்கள். கணவன் ஷ்யாம் அதை வைத்தே கேலி செய்வான்: "தொகுப்பாளர் மேடம், அடுத்ததா தோசையா, உப்புமாவா?"

ஆகஸ்டில் ஒரு நாள் டியூட்டியில் இருந்தபோதே ஷ்யாம் மயங்கி விழுந்தான். ஆஸ்பத்திரி போவதற்குள் உயிர் போய்விட்டது. வயது நாற்பத்து மூன்று. உடலோடு ஊருக்குப் போன நீலா, காரியம் முடிந்ததும் மகள் அருணாவின் படிப்புக்காகத் திரும்பி வந்தாள்.

சங்கம் ஷார்ஜாவின் ரோலா பகுதியில் ஒரு ஓட்டல் ஹாலில் இரங்கல் கூட்டம் வைத்தது. செயலாளர் சாதிக் பாட்ஷா, தொகுத்துப் பேச அன்பரசன் என்பவரை ஏற்பாடு செய்திருந்தார். அவருக்கு விழா மேடைதான் பழக்கம். முதல் பேச்சாளரையே, "பலத்த கரவொலியோடு வரவேற்போம்" என்று வாய்தவறி அழைத்துவிட்டார். நாலைந்து பேர் கைதட்டியும் விட்டார்கள். அன்பரசன் கையிலிருந்த தாளில் அடுத்த வரியைத் தேடிக்கொண்டு நின்றார்.

முன்வரிசையிலிருந்து நீலா எழுந்து போனாள்.

"குடுங்க அன்பு. நான் பாத்துக்கிறேன்."

"நீங்க எப்படிம்மா..." என்றார் பாட்ஷா.

"எனக்குத் தெரிஞ்ச வேலைதானேண்ணே."

ஒவ்வொருவரையும் பேர், பொறுப்பு பிசகாமல் அழைத்தாள். ஷ்யாமின் பழைய ரூம்மேட் பேச முடியாமல் திணறியபோது தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். கணவனை 'மறைந்த திரு. ஷ்யாம் அவர்கள்' என்றே சொன்னாள். குரல் ஓரிடத்திலும் உடையவில்லை.

தாளின் கடைசியில் அவள் பெயரும் இருந்தது. வந்த வேகத்தில் படித்துவிட்டாள்: "அடுத்ததாக, அன்னாரின் துணைவியார் திருமதி நீலா..."

அப்படியே நின்றாள்.

"அவங்களால இப்ப பேச முடியல," என்றாள் மைக்கில். "சபை மன்னிக்கணும்."

பிறகு நன்றியுரைக்குப் பாட்ஷாவை அழைத்தாள். அவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாட்ஷாவின் மனைவி ஹஃபீஸா அவளைத் தன் காரில் அஜ்மானுக்குக் கூட்டிப்போனாள். சிக்னலில் நின்றபோது நீலா கேட்டாள்: "நிகழ்ச்சி நல்லாப் போச்சாக்கா?"

"நல்லாப் போச்சும்மா."

அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். வீட்டு வாசலில் கார் நின்ற பிறகும் இறங்க முடியவில்லை. ஹஃபீஸா அவள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள்.

பொங்கல் விழாவுக்குச் சங்கத்திலிருந்து கேட்டார்கள். முடியாது என்றுவிட்டாள். மார்ச்சில் அருணாவின் பரீட்சை முடிந்ததும் இருவரும் ஊருக்கே போய்விட்டார்கள்.