ஒன்பது மணி வரை மௌனம்

போன செவ்வாய்க்கிழமை பாபடோயிட்டோய்ப் பகுதி மளிகைக் கடை வரிசையில், கையில் ஒரு கட்டு வெந்தயக்கீரையோடு நின்றிருந்தபோது மலரின் மகள் போனில் கூப்பிட்டாள். நாங்கள் குடியேறிய இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த பெண். என்னிடம் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவாள். அன்று தமிழில் பேசினாள். "அங்கிள், அம்மா செத்துட்டா." காலமாகிவிட்டார் என்ற சொல்லை அவளுக்கு யாரும் கற்றுத் தந்திருக்கவில்லை. கீரையை வாங்கிக்கொண்டு காரில் ஏறினேன். வெகுநேரம் வண்டியை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

உங்களில் பலருக்குத் தவமலரைத் தெரியும். மவுண்ட் ரோஸ்கில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகளை அதட்டி உட்காரவைக்கும் மலர் ரீச்சர். வார நாட்களில் என்ன செய்தார் என்று கேட்டால், "ஏதோ வெளிநாட்டு மீட்டிங் வேலை" என்பீர்கள். அது தப்பில்லை. வறுமை, தண்ணீர், பள்ளிக்கூடம் என்று உலகம் எட்ட வேண்டிய இலக்குகளை எல்லா நாடுகளும் கூடிப் பேசி ஒரு பிரகடனமாக எழுதும். பசிபிக்கில் ஒரு சின்னத் தீவு நாடு. அந்தக் கூட்டங்கள் நடக்கும் நியூயார்க்கில் அதற்கு இருப்பது தூதர் அம்மாவும் ஓர் உதவியாளரும் மட்டும். கூட்டமோ ஒரே நேரத்தில் ஐந்து அறையில் நடக்கும். அவர்களுக்குப் படிக்க நேரமில்லாத வரைவுகளைப் படித்து, என்ன சொல்ல வேண்டும் என்று எழுதி அனுப்புவதுதான் எங்கள் வேலை. பாலும் ரொட்டியும் விற்கும் ஒரு டெய்ரியின் மேல்மாடியில் மலரும் நானும் பதினோரு வருடம் அதைச் செய்தோம்.

நான் சேர்ந்த அன்று மலர் தேநீர் போட்டுத் தந்தார். ஒரு வாய் குடித்ததும் என் முகம் கோணிப்போனது. அரைக் கரண்டி உப்பு.

"என்ன முழிக்கிறீர் தம்பி? அங்கை தீவில சனம் ஒவ்வொரு நாளும் உந்த உப்புத் தண்ணியைத்தான் குடிக்குது. கிணத்துக்குள்ள கடல் வந்திட்டுது. குடியும், பிறகு வேலையைத் தொடங்குவம்."

என்னைவிட ஒரே ஒரு வயது மூத்தவர். அந்த ஒரு வயதை வைத்துக்கொண்டு கடைசிவரை என்னைத் தம்பி என்றார். வருகிற எல்லோருக்கும் அந்தத் தேநீர் உண்டு. ஒருமுறை பணக்கார நாட்டு அதிகாரி ஒருவர் பாதி குடித்துவிட்டு மரியாதையாகக் கோப்பையை நகர்த்திவைத்தார். அவர் போனதும் மலர் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "பரவாயில்லை, அவையின்ர வாக்குறுதியும் பாதிதானே."

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பெரிய பிரகடனம் வந்தது. அதில் மலர் ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்க்கப் பாடுபட்டார். கடல் புகுந்து கிணறு உப்பாகிப்போன தீவுகளுக்குக் குடிநீர் கிடைக்கச் செய்வது எல்லா நாடுகளின் கடமை. அவ்வளவுதான். பதினோரு வாரம் பேசினார்கள். வரைவுக்கு வரைவு அந்த வாக்கியம் மெலிந்துகொண்டே போனது. கடைசியில் "பொருத்தமான இடங்களில் குடிநீர்ச் சவால்களைக் கருத்தில் கொள்ள ஊக்குவிக்கிறோம்" என்று வந்து நின்றது. மலர் அதைச் சத்தமாக வாசித்தார். "இதை அங்கை வாளியோட நிக்கிற மனுசிக்கு வாசிச்சுக் காட்டேலுமோ, சொல்லும்?"

அந்த வாரங்களில் அவர் அடிக்கடி சொன்ன இன்னொன்றும் உண்டு. "களைச்சுப் போனால் எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவினம். அதுக்காகத்தான் உவை இழுத்தடிக்கினம்." யாரைப் பற்றியோ சொல்கிறார் என்று நானும் தலையாட்டினேன்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. கடைசி வரைவை எல்லா நாடுகளுக்கும் அனுப்பி ஒரு கெடு வைப்பார்கள். அதற்குள் யாரும் எதிர்த்து எழுதாவிட்டால் எல்லோருக்கும் சம்மதம் என்று கணக்கு. ஒரே ஒரு நாடு எழுதினாலும் போதும், திரும்பவும் பேசியே ஆகவேண்டும். அன்றைய கெடு நியூயார்க்கில் வியாழன் மாலை ஐந்து மணி. நமக்கு வெள்ளி காலை ஒன்பது.

அதே வெள்ளி காலைதான் மலருக்கு முதல் ஸ்கேன். முந்தின நாளே எதிர்ப்புக் கடிதத்தை எழுதி என்னிடம் தந்தார். "எட்டு மணி வரைக்கும் வேற தீவுகள் ஆரும் எழுதினமோ எண்டு பாரும். இல்லாட்டி இதைத் தூதருக்கு அனுப்பும். அவ பாத்துக்கொண்டு இருப்பா."

எட்டு மணிவரை யாரும் எழுதவில்லை. எட்டே காலுக்கு ஒரு நட்பு நாட்டு அதிகாரி கூப்பிட்டு, இப்போது மறுத்தால் இன்னும் இரண்டு வாரம் இழுக்கும் என்றார். கடிதம் என் திரையில் தயாராக இருந்தது. ஒரு விசையை அழுத்தினால் போதும். நான் ஜன்னல் வழியே டெய்ரிக்காரர் பால் பெட்டி இறக்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணி ஒன்பதைத் தாண்டியது. தனியாக எதிர்த்தால் தீவுக்குத்தான் கெட்ட பெயர், இருப்பதும் போய்விடும் என்று நியாயங்களைப் பிறகு நிறையக் கண்டுபிடித்தேன். உண்மை ஒன்றுதான். எனக்கு அலுத்துவிட்டது. வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும் போலிருந்தது.

திங்கட்கிழமை மலர் வந்தார். தூதர் எழுதியிருந்ததைப் படித்தார். "உங்களிடமிருந்து எதுவும் வராததால், இது போதும் என்று நினைத்துவிட்டீர்கள் என எடுத்துக்கொண்டேன்."

"நான் அனுப்பல மலர்" என்றேன்.

"ஓம், விளங்குது."

உள்ளே போய் இரண்டு கோப்பை தேநீர் கொண்டுவந்தார். இரண்டிலும் உப்பு. எதிரே உட்கார்ந்து தன்னுடையதை முழுக்கக் குடித்தார். நானும் குடித்தேன்.

"களைப்பெண்டா ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் தம்பி. நான் ஆஸ்பத்திரி வாங்கில குந்திக்கொண்டு சும்மாதான் இருந்தனான்."

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. ஸ்கேனில் என்ன வந்தது என்றுகூட அன்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை இறுதிச் சடங்கின் முடிவில், மலரைப் பற்றி யாராவது பேச விரும்புகிறீர்களா என்று கேட்டார்கள். நீங்களும் அங்கே இருந்தீர்கள். எழுதி வைத்த தாள் என் சட்டைப் பையில் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பாட்டைப் போட்டுவிட்டார்கள். அங்கே வாய் திறக்காததால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தத் திங்கட்கிழமை ஒரு புதிய பிரகடனத்தின் கடைசி வரைவு வந்தது. தேடிப் பார்த்தேன், கிணறுகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கெடு புதன் காலை ஒன்பது. மலரின் கடிதம் இன்னும் என் கணினியில்தான் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். தேதியையும் பிரகடனத்தின் பெயரையும் மட்டும் மாற்றினேன். வேறு தீவுகள் எழுதுகின்றனவா என்று காத்திருக்கவில்லை, உடனே அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலை தூதரின் பதில் இருந்தது. "எதிர்ப்பை எழுதிவிட்டேன். இது மலரின் எழுத்து, பார்த்ததுமே தெரிந்தது. அவரிடம் சொல்லிவிடுங்கள்."

தூதருக்கு இன்னும் செய்தி தெரியாது. இன்று எப்படியும் எழுதித்தான் ஆகவேண்டும். தேநீர் போட்டு, அரைக் கரண்டி உப்புப் போட்டு, முழுக் கோப்பையும் குடித்துவிட்டு, அவருக்கு எழுத உட்கார்ந்தேன்.